ராணிப்பேட்டை குரோமியக் குவியல்: அந்த நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டவே கூடாது

மூடிய ஆலை நிலமெல்லாம் ஒரே ரகமல்ல. சித்தூரில் 2002-ல் மூடப்பட்ட பால் பண்ணை இருபது ஆண்டுகள் பூட்டியே கிடந்து, 2023-ல் அமுல் கைக்குப் போனது. பால் பண்ணை மண்ணில் நஞ்சு ஏதும் தங்குவதில்லை. கட்டடத்தை இடித்து, மண்ணைச் சமன்செய்தால் மறுநாளே வேலை தொடங்கலாம். பொன்னை வழியாக எல்லையைத் தாண்டி ராணிப்பேட்டைக்கு வந்தால் கதை வேறு. சிப்காட் வளாகத்தில், தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் நின்றுபோனது. சுமார் ஐந்து ஏக்கரில் அது விட்டுப்போன குரோமியக் கழிவு, ஆவணத்துக்கு ஆவணம் ஒன்றரை லட்சம் டன் முதல் இரண்டே கால் லட்சம் டன் வரை சொல்லப்படுகிறது. அதை எப்போது எடுப்பார்கள் என்பதுதான் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி. எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை பல இருக்கின்றன. எடுக்காமலேகூட அந்த நிலத்தைப் பயனுக்குக் கொண்டுவர வழி உண்டு. ஆனால் எந்தப் பயன் என்பதை வரைபடம் போடுகிறவர் முடிவுசெய்ய முடியாது, மண்ணுக்கு அடியில் இருக்கும் வேதியியல்தான் முடிவுசெய்யும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தோல் பதனிடும் ஷாப்புகளில் பயன்படும் பச்சை நிற குரோம் பவுடர் குரோமியம்-3 வகை. நீரில் அவ்வளவாக நகராது, நச்சும் குறைவு. குரோமேட் ஆலைக் கழிவில் மிஞ்சியிருப்பது குரோமியம்-6. நீரில் கரைந்து, மண்ணில் ஒட்டாமல் ஓடும். அதன் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உலக அளவில் உறுதிப்பட்ட செய்தி. நாளெல்லாம் அதில் வேலை செய்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்ததும் மருத்துவ ஏடுகளில் உண்டு. தோல் கழிவுக்குச் சொல்லப்படும் தீர்வை இந்தக் குவியலுக்குச் சொல்வதும், இதற்குச் சொல்வதைத் தோல் கழிவுக்குச் சொல்வதும் ராணிப்பேட்டை விவாதங்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஆலை செய்தது இதுதான். குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் கலந்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1,100 டிகிரி சூட்டில் காற்று படும்படி வறுப்பார்கள். வறுத்ததைத் தண்ணீரில் ஊறவைத்தால் மஞ்சள் கரைசல் இறங்கும். அதில் கந்தக அமிலம் சேர்த்தால் ஆரஞ்சு நிற சோடியம் டைகுரோமேட். கரைசலை வடித்த பிறகு மிஞ்சும் சாம்பல் பழுப்புச் சக்கைதான் இன்று குவியலாக நிற்கிறது. சுண்ணாம்பு கலந்ததால் அதன் பி.எச்., அதாவது காரத்தைக் காட்டும் எண், 11-லிருந்து 12-க்கு மேல்வரை இருக்கும். குரோமியம்-6 முழுதும் கரைந்து வெளியேறியிருந்தால் தொல்லையில்லை. அது சக்கையின் சுண்ணாம்புப் படிகங்களுக்குள் சிக்கிக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. பல பத்தாண்டுகளுக்கு வந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடலாம். ஐந்து ஏக்கர் என்றால் சுமார் 20,000 சதுர மீட்டர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், அந்தப் பரப்பில் விழுவது 1.8 கோடி லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலும் 36 லட்சம் லிட்டர் மஞ்சள் நீர் அடியில் சேர்கிறது. குடிநீரில் இருக்கலாம் என்று இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கும் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் ஆலையை ஒட்டிய நிலத்தடி நீரில் கண்டது நூறு மில்லிகிராமுக்கும் மேல். அதாவது இரண்டாயிரம் மடங்குக்கு மேல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மில்லிகிராமுக்குக் கீழே போனால் மஞ்சள் கண்ணுக்குத் தெரிவது அரிது. அந்த அளவே வரம்பைப்போல இருபது மடங்கு. 'போர் தண்ணி வெள்ளையாத்தானே வருது' என்பது சான்றாகாது.

ஆகவே முதல் வேலை குவியலை அகற்றுவதல்ல. மழை அதன்மேல் விழாமல் நிறுத்துவது. தற்காலிகமாகத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, சுற்றிலும் சிமெண்ட் வாய்க்கால், வெளியிலிருந்து வரும் வெள்ளம் உள்ளே புகாதபடி மேட்டுப்பக்கம் ஒரு கரை, உள்ளே கசியும் மஞ்சள் நீரைப் பிடிக்க ஒரு தொட்டி. சில மாத வேலை. இதைச் செய்யாமல் பத்தாண்டு ஆய்வு செய்தால், ஆய்வு முடிவதற்குள் இன்னும் பத்துப் பருவமழை உள்ளே போயிருக்கும்.

அடுத்தது போர்வெல். ராணிப்பேட்டைக்கு அடியில் இருப்பது கருங்கல் வகைப் பாறை. மேலே சில மீட்டர் சிதைந்த பாறைமண், அதற்குக் கீழே வெடிப்புகள். கைவிட்ட போர் ஒவ்வொன்றும் மேலடுக்கின் நஞ்சை ஆழ்ந்த வெடிப்புக்கு இறக்கும் குழாய். கேசிங் பைப் மேலே பத்து இருபது அடிக்கு மட்டும் இருந்து, கீழே வெறும் துளையாக விடுவதுதான் நம் வழக்கம். அதனால் ஆலை எல்லைக்குள்ளும் அருகிலும் உள்ள பயனற்ற போர்களைப் பட்டியலிட்டு, அடியிலிருந்து மேல்வரை சிமெண்டும் பென்டோனைட் என்ற களிமண்ணும் கலந்த கூழால் நிரப்ப வேண்டும். மேலே கல்லை வைத்து மூடுவது போதாது. கண்காணிப்புக்குப் புதிதாகப் போடும் போர்கள் இரண்டு ஆழத்தில் வேண்டும்: சிதைந்த அடுக்குக்கு ஒன்று, வெடிப்புக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் அடைப்பு. ஒரே போரில் இரண்டடுக்குத் தண்ணீரும் கலந்து வந்தால் அறிக்கையில் வரும் எண் எதையும் சொல்லாது. தவிர, அருகிலுள்ள தோட்டத்தில் பம்ப் போட்டால் மாசு அந்தப் பக்கம் இழுபடும். எங்கே யார் எத்தனை மணி நேரம் பம்ப் ஓட்டுகிறார் என்று கேட்காமல் வரைந்த மாசுப் படத்தை நம்ப வேண்டாம்.

சோதனையில் தவறு நேரும் இடங்களும் உண்டு. நீர் மாதிரியை எடுத்த இடத்திலேயே வடிகட்டி, காரத்தன்மையோடு, குளிரில் வைத்து, ஒரு நாளுக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். மற்ற உலோகங்களுக்குச் செய்வதுபோல நைட்ரிக் அமிலம் ஊற்றிவிட்டால் குரோமியம்-6 வழியிலேயே குரோமியம்-3 ஆக மாறிவிடலாம். 'கண்டறியப்படவில்லை' என்று நல்ல செய்தி வரும், பொய்யான நல்ல செய்தி. மண்ணுக்கும் அதே விதி. அமிலத்தில் கரைத்தால் மொத்தக் குரோமியம்தான் தெரியும். சோடா, காஸ்டிக் கரைசலில் 90 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் வேகவைத்தால்தான் குரோமியம்-6 அப்படியே வெளியே வரும். ஆய்வறிக்கையைக் கையில் வாங்கியதும் எந்த முறையில் மாதிரியைக் கரைத்தார்கள் என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லையென்றால் மறுபடி சோதிக்கச் சொல்லலாம்.

இனிக் குவியலுக்கு வருவோம். மூன்று வழிகள் உண்டு, மூன்றும் செலவுள்ளவை.

முழுதும் அள்ளிக்கொண்டு போவது ஒன்று. இரண்டு லட்சம் டன் என்றால் இருபது டன் டிப்பரில் பத்தாயிரம் லோடு. நாளுக்கு முப்பது லோடு போனாலும், ஞாயிறு, மழை எதுவும் பார்க்காமல், பதினோரு மாதம். அபாயக் கழிவுக் கிடங்கு கும்மிடிப்பூண்டியில், நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு லோடுக்கும் தார்ப்பாய், சக்கரம் கழுவும் மேடை, கழுவிய மஞ்சள் நீரைச் சுத்திகரிக்கும் தொட்டி வேண்டும். கோடையில் அள்ளினால் தூசி, மழையில் அள்ளினால் மஞ்சள் ஆறு. இரண்டையும் சமாளிக்க அள்ளும் முகப்பைச் சிறிதாக வைத்துக்கொண்டு, மற்ற பகுதியை மூடியே வைக்க வேண்டும். ஊறும் அளவுக்கு நீர் அடிக்கக் கூடாது, பனிபோலத் தெளிக்க வேண்டும். கிடங்கிலும் வரம்பு உண்டு. சோதனைச் சாலையின் கசிவுச் சோதனையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் வந்தால் அபாயக் கழிவு, முதலில் பக்குவப்படுத்தித்தான் புதைக்க வேண்டும். ஆக, அங்கே கொண்டுபோனாலும் இரண்டாவது வழியின் சிக்கல் தொடரும்.

அந்த இரண்டாவது வழி, குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக்குவது. எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஒரு கிலோ குரோமியம்-6-ஐ மாற்றக் கணக்குப்படி 16 கிலோ அன்னபேதி வேண்டும். சக்கையில் ஒரு சதவீதம் குரோமியம்-6 என்று வைத்தால் இரண்டு லட்சம் டன்னில் 2,000 டன். அதற்கு 32,000 டன் அன்னபேதி. நடைமுறையில் இதைவிடப் பல மடங்கு போகும். பி.எச். 12-ல் இரும்பு உடனே கெட்டியாகிப் படிந்துவிடும், குரோமியத்தைத் தொட்டுப்பார்க்கவும் நேரமிருக்காது. முதலில் அமிலம் ஊற்றி காரத்தைக் குறைக்கலாம் என்றால், சுண்ணாம்புச் சக்கை அமிலத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். இன்னும் மோசமானது, அன்னபேதியின் சல்பேட் அங்கே உள்ள கால்சியம், அலுமினியத்தோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகமாக வளரும். அது நிறைய நீரைத் தன்னுள் வைத்துக்கொண்டு பருமனாகும். நிலம் மேலே எழும்பும், தளம் வெடிக்கும். ஒரு மாதம் கழித்து எடுத்த மாதிரி தேறிவிடும். இரண்டாண்டு கழித்து, படிகத்துக்குள்ளிருந்து மெல்ல வெளிவந்த குரோமியம்-6 மறுபடி தலைகாட்டும். ஆகவே 28 நாள் சோதனையைக் காட்டி பில் கேட்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

காரம் மிகுந்த நிலையிலும் வேலை செய்வது கால்சியம் பாலிசல்பைடு. செம்மஞ்சள் திரவம், அழுகிய முட்டை நாற்றம். அமிலம் பட்டால் நச்சு வாயு கிளம்பும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கையாளக் கூடாது. நன்கு அரைத்துக் கலக்கினால் பயன் கூடும். கட்டியாக விட்டால் கட்டியின் மேல்தோல் மட்டும் மாறும். சீனாவில் இந்தச் சக்கையை இரும்பு உருக்கும் ஆலைகளின் சூளைக்குச் சேர்ப்பதும் உண்டு. கரியின் சூட்டில் குரோமியம் மாறி உலோகத்தோடு போய்விடும். ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட உருக்காலை இல்லை. ஒன்றை மட்டும் எந்த ஆலோசகர் சொன்னாலும் மறுக்க வேண்டும்: செங்கல் சூளையில் போடுவது. காற்று தாராளமாகப் படும் சூட்டில், நிம்மதியான குரோமியம்-3-ம் குரோமியம்-6 ஆகத் திரும்பும். ஆலை செய்த வேலையையே சூளையும் செய்யும்.

மூன்றாவது வழி, இருந்த இடத்திலேயே மூடி அடைப்பது. இது தற்காலிக ஏற்பாடு என்று பலரும் நினைக்கிறார்கள். சரியாகச் செய்தால் நிரந்தர ஏற்பாடு, சரியாகப் பராமரித்தால் மட்டும். இரண்டு லட்சம் டன் ஐந்து ஏக்கரில் சராசரியாக ஆறேழு மீட்டர் உயரம் நிற்கும். சரிவை ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டர் அகலம் என்று தாழ்த்த வேண்டும். அதன்மேல் மணல் படுகை, ஜியோடெக்ஸ்டைல் என்ற தடித்த செயற்கைத் துணி, 1.5 மில்லிமீட்டர் எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பு, மேலே நீர் வடியும் ஜல்லி அடுக்கு, அரை மீட்டர் மண், புல். விரிப்பின் இணைப்புகள் இரட்டைத் தையலாக ஒட்டப்படும். நடுவில் உள்ள குழாய்போன்ற இடைவெளியில் காற்றை அடைத்து, அழுத்தம் சில நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று ஒவ்வொரு தையலையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் ஒட்டிய நேரம், ஆள் பெயர், வெயிலின் அளவு எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். பிறகு வரும் எதிரி சீமைக்கருவேலம். ஒரு மழைக்காலம் கண்டுகொள்ளாமல் விட்டால் விரிப்பு வரை வேர் போகும். ஆண்டுக்கு இருமுறை பிடுங்க ஆள் வேண்டும். பசுமை காட்ட மரம் நடும் விழா இங்கே நடத்தக் கூடாது.

ஈரக் கழிவைச் சுவருக்குப் பின்னால் தேக்கி வைப்பது எதற்கும் தீர்வாகாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் மூழ்கி இறந்தார்கள். எந்தத் திட்டத்திலும் 'தற்காலிகத் தேக்கம்' என்ற சொல்லைப் பார்த்தால், சுவரின் வலிமைக் கணக்கைக் கேளுங்கள்.

மூடிய பிறகும் நிலத்தடி நீர் தானாகத் தெளியாது. பம்ப் செய்து சுத்திகரிப்பது முதல் சில ஆண்டுகள் நன்றாகப் போகும், எண்கள் வேகமாக இறங்கும். பிறகு ஓரிடத்தில் நிற்கும். பம்பை நிறுத்தினால் மறுபடி ஏறும். பாறை வெடிப்புகளின் ஓரங்களில் தங்கியது மெல்ல வெளியேறுவதுதான் காரணம். குவியலிலிருந்து தள்ளி, பி.எச். சாதாரணமாக உள்ள இடத்தில் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகின் கரைசலை உள்ளே செலுத்தினால் நுண்ணுயிர்கள் குரோமியம்-6-ஐ மாற்றிவிடும். குவியலுக்கு நேர் அடியில், பி.எச். 12-ல், அவை பிழைக்காது. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு அதிகமிருந்தால் மாறியது கொஞ்சம் திரும்பவும் மாறலாம், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பயன். கிளாஸ்கோவின் தென்கிழக்கில் ரதர்க்ளென் என்ற இடத்தில் குரோமேட் ஆலை 1960களில் மூடியது. அதன் சக்கையைப் பள்ளங்கள் நிரப்பப் பயன்படுத்தினார்கள். ஆலை நிலத்தை அலுவலக வளாகமாக மாற்றும் முயற்சி நடக்கிறது. அண்மை ஆண்டுகளிலும் அங்குள்ள ஓர் ஓடை பச்சைமஞ்சளாக ஓடிச் செய்தியானது. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் இதே சக்கையின்மேல் தார்த்தளம் போட்டு வண்டிகள் நிறுத்துகிறார்கள். சக்கை உப்பி, தார்த்தளம் சில இடங்களில் மேடாகி வெடித்தது. தார்த்தளத்தை வெட்டி ஒட்டலாம், கட்டட அஸ்திவாரத்தை ஒட்ட முடியாது. நமக்குப் பொருந்துவது இந்த உதாரணம்தான். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை ஒட்டி லாரிகள் சாலையோரத்தில் நிற்பதைப் பார்க்கிறோம். சமன்செய்து மூடிய ஓரப் பகுதியில் லாரி நிறுத்துமிடம், குவியலின் மேல் சோலார் தகடுகள். தகடுகளின் கால்களைக் கான்கிரீட் கட்டையில் நிறுத்த வேண்டும். மண்ணுக்குள் இறங்கும் பைல் தூண் அடித்தால் விரிப்பு கிழியும். வீடு, பள்ளி, மருத்துவமனை, அடித்தளம் தோண்டும் கட்டடம், காய்கறித் தோட்டம் இங்கே வேண்டாம். இயந்திரத் தளம் மட்டம் மாறக் கூடாத ஆலைகளும் வேண்டாம். பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதுபோலப் புது நிலத்தில் தொடங்குவது எல்லாருக்கும் எளிது. பழைய நிலத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

விதிகள் மோதும் ஒரு இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். இந்த நிலத்தில் உறிஞ்சுகுழி தோண்டினால், சட்டப்படி நடந்துகொண்டே குரோமியத்தைக் கீழே தள்ளுகிறோம். கூரைநீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும், மிஞ்சியது சிமெண்ட் வாய்க்காலில் வெளியே போக வேண்டும். விதிவிலக்கை முன்கூட்டியே எழுதி வாங்காமல் திட்ட அனுமதி கேட்டால், அலுவலகத்தில் உறிஞ்சுகுழி எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பணம் யார் தருவது? வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளைக் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று நிலைநிறுத்தியது. ஆனால் மூடிப்போன நிறுவனத்தின் கணக்கில் பணம் இருக்காது. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசுபட்ட இடங்களை நிர்வகிக்கும் விதிகளை வெளியிட்டது. சந்தேக இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆரம்ப மதிப்பீட்டையும் விரிவான ஆய்வையும் காலவரையறைக்குள் முடிக்க வேண்டும், பொறுப்பாளியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கின்றன அவை. நல்ல தொடக்கம். எனினும் ஒரு திட்டத்தில் கேட்க வேண்டியது முதல் ஆண்டுச் செலவை அல்ல, இருபதாம் ஆண்டில் புல் வெட்டவும், தையல் சரிபார்க்கவும், பம்ப் மாற்றவும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை.

வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வில்லங்கச் சான்று கைமாற்றத்தைத்தான் காட்டும், கழிவை அல்ல. பழைய ஆலையின் இடிந்த கல், தரைக் கான்கிரீட், சூளைச் செங்கல் எல்லாம் மஞ்சளில் ஊறியவை. யாராவது 'இலவசமாக மண் அடித்துத் தருகிறேன்' என்று அந்தப் பக்கத்திலிருந்து லோடு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கோடையில் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையோ மஞ்சளோ உப்புப் பூத்திருந்தால், சுரண்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சிப்காட் மனைகள் 99 ஆண்டுக் குத்தகை என்பதால், மூடிய அடுக்கைத் தோண்டக் கூடாது, போர் போடக் கூடாது, கண்காணிப்புப் போர்களுக்கு வழிவிட வேண்டும் என்ற நிபந்தனைகள் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். துணைக் குத்தகைக்கு விடும்போது அவை அடுத்தவருக்கும் செல்லும்படி இருக்க வேண்டும். பழைய இரும்பை ஏலம் விடுவதற்கு முன், தொட்டிகளைக் கழுவி, கழுவிய நீரைச் சுத்திகரித்து, அதன்பிறகே வெட்ட அனுமதிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆலைகளில் முதலில் வெளியேறுவது பழைய இரும்புதான், உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சளும் அதோடு வெளியேறும்.